எடுத்ததும் விடுத்ததும்



பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவன் கணிப்பொறியின் உள்ளியக்கம் பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பாயிருக்கலாம். என் பழைய மாணவர் ஒருவர் இதனை விளக்கக் கேட்டபோது, நான் வைத்திருந்த நூலகப் பதிவேடு என் நினைவுக்கு வந்தது. அதுவே இப்பேச்சுக்குக் காரணம்.

லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் ஆளும் அதன் உட்கருவைக் கெர்னல் என்பர். நாம் அனுப்பும் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. அவை எவ்வழியே, எந்த வலைக் கருவியின் வாயிலாகப் போகவேண்டும் என்பதைக் கெர்னல் நினைவகத்தில் குறித்து வைக்கிறது. அதனை வழிக்குறிப்பு என்போம்.

ஒரு வழிக்குறிப்பைப் பல பகுதிகள் ஒருங்கே பயன்படுத்தும். ஆதலின் அதனுள் ஓர் எண் வைக்கப்பட்டுள்ளது. எடுப்பவர் ஒன்று கூட்டவேண்டும். பணி முடிந்ததும் ஒன்று கழிக்கவேண்டும். எண் சுழியானால் குறிப்பு அழிக்கப்பட்டு, அவ்விடம் வேறு பணிக்கு உதவும். இத்தகைய எண்ணும் முறையை ஜார்ஜ் காலின்ஸ் என்னும் அறிஞர் 1960-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார்.

எளிய கணக்குத்தான்; ஆயினும் பிழை இருவகையில் நேரும். கழிக்க மறப்பது ஒன்று. வேலை செவ்வனே முடியும் வழியில் மறதி நேர்வது அரிது. இடையில் தடையுற்றுப் பாதியில் திரும்பும் கிளைவழியிலேயே அது புகும். அப்போது வழிக்குறிப்பு அழியாது. அது பற்றியுள்ள வலைக் கருவியையும் நீக்க இயலாது. "இக்கருவி விடுபடக் காத்திருக்கிறேன்; எண்ணிக்கை ஒன்று" என்னும் பொருள்பட, கெர்னல் பத்து நொடிக்கொரு முறை அறிவித்தவண்ணம் இருக்கும்.

என் இளமைக்காலத்தில் நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. மாறுதல் பெற்ற ஆசிரியர் ஒருவர் பெயரில் ஒரு நூல் நிலுவை என்று பதிவேடு காட்டவே, அவரை விடுவிக்காமல் நிறுத்தினர். புதிய ஊரில் பணியேற்க வேண்டிய நாள் அவருக்குத் தவறிப்போயிற்று. நூலோ அலமாரியில்தான் இருந்தது. அவர் திருப்பித் தந்த அன்று வரியை அடிக்க மறந்தவன் நானே.

மற்றொரு பிழை, இருமுறை கழித்துவிடுவது. ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே குறிப்பு அழிந்து, அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும். அதனால் கணிப்பொறி நின்றுபோகலாம். தீயோர் உட்புகவும் வழி பிறக்கலாம். இதுவே கொடியது.

முன்னாளில், நீக்கப்பட்ட பின்னும் பிறர் கையில் எஞ்சிய வழிக்குறிப்புகளைப் பட்டியலிட்டு, அவ்வப்போது பார்த்து அகற்றும் துப்புரவு முறை ஒன்று இருந்தது. 2017-இல் வெளிவந்த 4.13-ஆம் பதிப்பில் அதனைக் களைந்தனர். அதன்பின் எண்ணிக்கை ஒன்றே சான்றாயிற்று.

எடுத்தவர் விடுத்தால் மட்டும் போதாது; விடுத்தது அப்போதே கணக்கில் ஏறவும் வேண்டும். அன்று அவ்வாசிரியரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் இழந்த நாளைத் திருப்பித்தர என்னால் இயலவில்லை.