பழைய பொறியும் பழகிய சொல்லும்



பாசிர் கூடாங் போன்ற தொழிற்பேட்டைகளைக் கொண்ட ஜொகூரில் பயிலும் நம் மாணவர் ஒருவர், நாளை கனரகத் துல்லிய வேலைக்கான பழைய ஐந்தச்சுக் கிடைநிலைப் பொறி ஒன்றை விலைபேச நேரலாம். அவ்விடத்தில் தமிழ் அவருக்கு எவ்வாறு துணைநிற்கும் என்பதே இன்றைய என் பேச்சு.

இப்பொறியில் வெட்டுக்கருவியைத் தாங்கிச் சுழலும் தண்டு தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். வெட்டுண்ட உலோகச் சுருள்கள் வேலைப்பொருளின்மேல் தேங்காமல் தாமே கீழே விழும். மூன்று அச்சுகள் நேர்க்கோட்டில் நகர்வதற்கு. இரண்டு, திருப்புவதற்கும் சாய்ப்பதற்கும்.

தேரின் அச்சும், நூலின் அச்சும், வார்ப்பட அச்சும் தமிழில் ஒரே சொல்தான். இடமறிந்து பொருள்கொள்ளும் மாணவர் இதில் மயங்கார். மயக்கம் வேறோரிடத்தில் உள்ளது. ஐந்தச்சுப் பொறி என்று விற்கப்படுவன எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றில் மேசையை வேண்டிய கோணத்திற்குத் திருப்பிப் பூட்டியபின் மூன்று அச்சுகளே இயங்கி வெட்டும். வேறு சிலவற்றில் ஐந்தும் ஒருங்கே இயங்கும். கப்பலை உந்தும் விசிறியின் முறுக்கிய இதழைத் தொய்வின்றிச் செதுக்க இந்த இரண்டாம் வகையே ஏற்றது. 'ஒருங்கே' என்னும் ஒரு சொல்லால் விலை மாறுகிறது, சட்டமும் மாறுகிறது. ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம் கப்பல் விசிறி செதுக்கும் பல்லச்சுப் பொறிகளைச் சோவியத்து நாட்டிற்கு விற்ற செய்தி 1987இல் உலகப் பூசலாயிற்று. மலேசியாவிலும் 2010ஆம் ஆண்டின் உத்திசார் வணிகச் சட்டப்படி, ஐந்தச்சும் ஒருங்கே இயங்கும் உயர்துல்லியப் பொறியை ஏற்றுமதி செய்ய அனுமதி வேண்டும். வாங்கியவர் பின்னொரு நாள் அதை வெளிநாட்டிற்கு விற்க எண்ணினால், இச்சொல் அவர் முன்வந்து நிற்கும்.

இனி, பழைமை. ஒரு பாகையை 3,600 கூறாக்குங்கள். மேசை திரும்புகையில் அவற்றுள் 10 கூறு பிழைத்தால், மையத்திலிருந்து 500 மில்லிமீட்டர் தொலைவில் அப்பிழை ஏறத்தாழ 0.024 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் எஃகோ, வெப்பம் ஒரு பாகை செல்சியசு ஏறினாலே ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். குளிரூட்டப்படாத பட்டறையில் காலையில் எடுத்த அளவை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது பேதைமை. நண்பகலிலும் அளந்து பார்க்க வேண்டும்.

தேய்ந்த திருகுதண்டு திசை மாறும்போது மேசை உடனே நகராது. சற்றே வெறுமனே நிற்கும். இதற்குப் புதுச்சொல் புனைய முனைவோர் உளர். பட்டறைத் தமிழரோ இதனை 'ஆட்டம்' என்பர். பல் ஆடுவதை அறிந்த சிறுவனுக்கும் விளங்கும் சொல் அது. என் சார்பு அதற்கே. மலாய்மொழியும் மரங்கடைவதற்குரிய 'லாரிக்' என்னும் பழஞ்சொல்லைத்தான் லேத்துப் பொறிக்கு அளித்தது. நமக்குக் 'கடைசல்' இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியது. அத்தகைய வகுப்பிற்கு வேண்டிய சொற்களுள் பாதி பட்டறைகளில் எழுதப்படாமல் கிடக்கின்றன. ஆசிரியர்களே, உங்கள் மாணவரை அருகிலுள்ள பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள பழைய பொறி ஒன்றின் குறைகளை, வேலை செய்பவர் சொல்லும் சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதி வரச் செய்யுங்கள்.