மாத்தட்டுமாப்பா?
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று நினைக்காதீர்கள். கழிப்பறைக்குப் போக இன்னொருவர் கையை நம்பியிருக்கும் பெரியவர்கள் நம் பிளாக்குகளிலும் இருக்கிறார்கள்.

என் ஊர் சித்தேரி, அரூரிலிருந்து மலையேற வேண்டும். அங்கே முடியாதவர்களுக்குத் தூரம்தான் பெரிய தொல்லை; இருட்டில் மேடு பள்ளம் தாண்டி வெளியே போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார்கள்.

நமக்கோ கட்டிலிலிருந்து பத்தடியில் பாத்ரூம். ஆனாலும், எழுந்து போகக்கூடியவருக்கும் டயப்பர் மாட்டிவிடுகிறோம். யாருடைய வசதிக்கு? நடக்காமலே இருந்தால் கொஞ்சநஞ்ச நடையும் போய்விடும். இரண்டு, மூன்று மணிக்கொரு முறை கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் கட்டிலருகே கமோடு நாற்காலி போடுங்கள்.

நனைத்துவிடுவாரே என்று தண்ணீரைக் குறைப்பது அதைவிட மோசம். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். திடீரென்று அடக்க முடியாமல் போனால் வயசு என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். “மாத்தட்டுமாப்பா?” என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். “தாத்தா மறுபடியும் போயிட்டார்” என்று ஹாலுக்குக் கேட்கக் கத்தாதீர்கள். அவருக்கும் காது உண்டு.

ஈர டயப்பரில் கிடந்தால் தோல் புண்ணாகும், உடனே மாற்றுங்கள். கழற்றியதைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுங்கள். குப்பை எடுக்கிற அம்மாவும் கையால்தான் பிரிக்கிறார்.

சங்க அறையில் கமோடு நாற்காலி ஒன்று சும்மா கிடக்கிறது. வேண்டியவர்கள் செயலாளரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.