விலைபோகாத குட்டி: நோர்தர்ன் டான்ஸரின் ஓட்டமும் வம்சமும்

நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு, வெள்ளவத்தை, கொழும்பு



ஒரு குதிரையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபோது, ஐயாவின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய அவர் குடும்பத்தார் உடனே சரி என்றார்கள். மிருக வைத்தியராக வாழ்ந்து மறைந்த ஐயாவைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இராது. கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் நாயும் ஆடும் மாடும் பார்த்தவர் அவர். ஆனால் மனம் முழுக்கக் குதிரையிடம்தான் இருந்தது. சிறுவயதில் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு ரீட் அவெனியூ றேஸ்கோஸுக்குப் போவாராம். எந்தக் குதிரை வென்றது என்பது தகப்பனாரின் கவலை. அந்தக் குதிரையின் தாய் யார், தகப்பன் யார் என்பது மகனின் கவலை. றேஸ் புத்தகத்தில் அச்சாகியிருந்ததைப் பார்த்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். கொப்பிகள் நாலைந்து சேர்ந்திருந்தன. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்செயலில் அந்த வீடு எரிந்தபோது அவையும் எரிந்தன.

பிறகு வெள்ளவத்தையில் ஒரு வாடகை அனெக்ஸில் இருந்தபோதுதான் எனக்கு அவர் பழக்கமானார். இழந்த வீட்டைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. அந்தக் கொப்பிகளைப் பற்றி மட்டும் மறுபடி மறுபடி சொல்வார். கொழும்புக் குதிரைகளின் கதையை எழுத இனி வழியில்லை என்றானபின், அவர் அடிக்கடி எடுத்துச் சொன்ன குதிரை ஒன்று உண்டு. அது இலங்கையில் ஓடியதே இல்லை. கனடாவில் பிறந்தது. பெயர் நோர்தர்ன் டான்ஸர்.

அது ஒன்ராறியோ மாகாணத்தின் ஒஷாவாவில், 1961 மே 27ஆம் திகதி பிறந்தது. மே மாதம் பிறந்தது என்பதே அதற்கு முதற் குறை. வட அரைக்கோளத்தில் பிறக்கும் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்துக் குட்டி எந்த மாதம் விழுந்தாலும் ஜனவரி 1ஆம் திகதி அதற்கு ஒரு வயது கூடிவிடும். அதனால் வருடத் தொடக்கத்திலேயே குட்டி விழ வேண்டும் என்று பண்ணைக்காரர் பார்ப்பார்கள். மே முடிவில் பிறந்த குட்டி, நாலைந்து மாதம் மூத்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்த கடைக்குட்டி மாதிரி. அப்படிப் பிந்தியதற்கும் காரணம் இருந்தது. தாய் நட்டால்மா 1960இல் பெரிய பந்தயம் ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். முழங்கால் எலும்பு பழுதுபட்டது. இனி ஓட முடியாது என்றானபின், இனச்சேர்க்கைப் பருவம் முடியப்போகும் வேளையில், அவளை நியார்க்டிக் என்ற பொலிகுதிரையிடம் கொண்டுபோனார்கள். அந்த முழங்கால் நன்றாக இருந்திருந்தால் இந்தக் குட்டியே இல்லை.

பண்ணையின் சொந்தக்காரர் ஈ.பி. டெய்லர் ஒவ்வொரு வருடமும் தன் ஒரு வயதுக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் விலை குறித்து வைத்து, வேண்டியதை எடுங்கள் என்று வாங்குவோரை அழைப்பார். இந்தக் குட்டிக்குப் போட்ட விலை 25,000 டொலர். வந்தவர்கள் பார்த்தார்கள், நடக்கவிட்டார்கள், விட்டுவிட்டுப் போனார்கள். குட்டை, கட்டை, பிந்திப் பிறந்தது. வளர்ந்த பிறகும் தோள் உயரம் 15 கையைக் கொஞ்சம்தான் தாண்டியது. ஒரு கை என்பது 4 அங்குலம். ஐயா இதைச் சொல்லும்போது தன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். குதிரையை அளப்பது கண்ணால் செய்யக்கூடிய வேலையில்லை, கண் உயரத்தை மட்டும்தான் பார்க்கும் என்பது அவர் வாதம்.

இன்னொரு கண்டமும் வந்தது. குட்டி அடங்காப்பிடாரி. பயிற்றுநர் ஹொரேஷியோ லூரோ, காயடித்துவிட்டால் ஒழுங்குக்கு வரும் என்று யோசனை சொன்னார். பந்தய உலகில் அது வழமையான காரியம். டெய்லர் மறுத்துவிட்டார். தரோபிரெட் வரலாற்றில் அதைவிடப் பெரிய தீர்மானம் வேறில்லை என்று நான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் அது ஒரு லாயத்துக்குள் முடிந்துபோன சின்னக் கதை.

1963 ஓகஸ்ட்டில் ஃபோர்ட் ஈரி திடலில் முதல் ஓட்டம். ஏறியவர் ரொன் டர்கொட் என்ற இளம் ஜொக்கி. சுலபமான வெற்றி. அந்த வருட முடிவில் முன்னங்குளம்பு வெடித்தது. சாதாரணமாக அது மாதக்கணக்கான ஓய்வைக் கேட்கும் காயம். கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு லாடக்காரரை வரவழைத்து, வெடிப்பின்மேல் ரப்பரை உருக்கி ஒட்டுப் போட்டார்கள். சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுகிற அதே அறிவு. மிருக வைத்தியரான ஐயாவுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1964 மே 2. கென்ரக்கி டேர்பி, ஒன்றேகால் மைல். அதற்கு முன் ஃபுளோரிடா டேர்பியில் நோர்தர்ன் டான்ஸரை ஓட்டி வென்ற பெரிய ஜொக்கி பில் ஷூமேக்கர், இந்த முறை இதை விட்டுவிட்டு ஹில் றைஸ் என்ற உயரமான கலிஃபோர்னியக் குதிரையைத் தேர்ந்தார். இதன்மேல் பில் ஹார்டாக் ஏறினார். பெரிய குதிரைக்கு நீண்ட எட்டு உண்டு, ஆனால் வேகம் பிடிக்க அதற்கு நேரமும் இடமும் வேண்டும். நோர்தர்ன் டான்ஸரின் எட்டு குட்டை, ஆனால் அடுத்தடுத்து விழும். கூட்டத்துக்குள் இடைவெளி திறந்த கணத்தில் அது பாய்ந்து வெளியே வந்துவிட்டது. ஹில் றைஸ் வேகம் பிடித்துத் துரத்தி வந்தபோது நேர்பாதையில் மிச்சமிருந்த தூரம் போதவில்லை. கழுத்தளவு வித்தியாசத்தில் வெற்றி. நேரம் சரியாக 2 நிமிடம். கனடாவில் பிறந்த குதிரை அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே முதல் தடவை. ஒன்பது வருடம் கழித்து செக்ரடேரியட் என்ற குதிரை வரும்வரை அந்த நேரத்தை எந்தக் குதிரையும் உடைக்கவில்லை. செக்ரடேரியட்டின்மேல் இருந்தவர் அதே ரொன் டர்கொட்.

அடுத்து பிரீக்னஸ் பந்தயத்தையும் வென்றது. பெல்மொன்ட்டில் மூன்றாவதாக வந்தது. அதோடு இந்த மூன்று பந்தயங்களையும் சேர்த்து வெல்லும் மும்முடி கைநழுவியது. ஜூனில் ரொறன்ரோவில் குவீன்ஸ் பிளேட் பந்தயத்தை ஏழு குதிரை நீளத்துக்கு மேல் வென்றது. அதன்பின் காலின் நரம்புநாண் பழுதுபட்டது. மொத்தம் 18 ஓட்டம், 14 வெற்றி, மற்ற நான்கிலும் மூன்றாமிடத்துக்குக் கீழே போகவில்லை.

இந்த அளவோடு நின்றிருந்தால் அது நல்ல குதிரை, அவ்வளவுதான். 1965இல் பொலிகுதிரையாக நின்றபோது கட்டணம் 10,000 டொலர். தரோபிரெட்டில் செயற்கைச் சினையூட்டலுக்கு இடமில்லை. அப்படிப் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் ஏற்கமாட்டார்கள். ஆகவே உலகின் எந்த மூலையிலுள்ள பெண்குதிரையும் பொலிகுதிரையின் வாசலுக்கு நேரில் வந்தாக வேண்டும்.

1968இல் வின்சன்ட் ஓ'பிரையன் என்ற அயர்லாந்துப் பயிற்றுநர் வேறொரு குட்டியைப் பார்க்கத்தான் ஒஷாவாப் பண்ணைக்கு வந்தார். பார்க்க வந்ததை விட்டுவிட்டு நோர்தர்ன் டான்ஸரின் மகன் ஒன்றைக் காட்டி, இதை வாங்குங்கள் என்று தன் முதலாளிக்குச் சொன்னார். 84,000 டொலர். அதுதான் நிஜின்ஸ்கி. 1970இல் இங்கிலாந்தின் டூ தவுசன்ட் கினீஸ், டேர்பி, சென்ற் லெஜர் மூன்றையும் வென்றது. அந்த மும்முடியை அதற்குப் பிறகு எந்தக் குதிரையும் இன்றுவரை சூடவில்லை.

நிஜின்ஸ்கி என்ற பெயர் கொட்டாஞ்சேனையில் அந்த வருடம் எல்லார் வாயிலும் இருந்தது என்று ஐயா சொல்வார். 1956இல் பண்டாரநாயக்க அரசாங்கம் கொழும்புப் பந்தயத்தை நிறுத்திவிட்டது. ஆனால் காசு கட்டும் பழக்கம் நிற்கவில்லை. ரீட் அவெனியூவில் குதிரை ஓடாவிட்டால் என்ன, இங்கிலாந்தில் ஓடுகிறதே என்று புக்கிக் கடைகளில் கூட்டம் நின்றது. அந்தக் கடைகள் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தன என்பதை நான் சிறுவயதில் பார்த்தவன். அதை மறைத்துவிட்டுக் குதிரையின் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வராது. ஐயாவும் தன் வாழ்நாளில் ஒரு சதம் கட்டியதில்லை.

நிஜின்ஸ்கிக்குப் பிறகு கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 1980களில் ஒரு தடவைக்குப் பத்து இலட்சம் டொலர். சினை பிடிக்கும் என்ற உத்தரவாதம்கூடக் கிடையாது. 1983 ஜூலையில் கென்ரக்கியின் கீன்லண்ட் ஏலத்தில் நோர்தர்ன் டான்ஸரின் மகன் ஒன்றை, ஓட்டம் என்ன என்று அறியாத ஒரு வயதுக் குட்டியை, துபாயின் ஷேக் முகமது ஒரு கோடியே இரண்டு இலட்சம் டொலருக்கு எடுத்தார். ஸ்னாஃபி டான்ஸர் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. பொலிகுதிரையாக நிறுத்தியபோதும் குட்டிகள் நாலுதான். தகப்பனை 25,000 டொலருக்கு வாங்க ஆளில்லை, மகனை ஒரு கோடிக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். இரண்டு முறையும் பார்த்த கண் தவறிவிட்டது.

அதே ஜூலையில் கொழும்பில் என்ன நடந்தது என்பதை இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை. ஐயாவின் கொப்பிகள் எரிந்த மாதம் அது.

இனி வம்சத்துக்கு வருகிறேன். நியார்க்டிக்கின் தகப்பன் நியார்கோ, இத்தாலியில் பிறந்து 14 பந்தயமும் வென்ற குதிரை. 1938இல் 60,000 பவுணுக்கு இங்கிலாந்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானங்கள் வந்தபோது நியூமார்க்கட்டில் அதற்கென்றே தனியாகக் குண்டு வீச்சுப் பதுங்கிடம் கட்டிக் காப்பாற்றினார்கள். அதே போர் நமது றேஸ்கோஸை விமான ஓடுபாதையாக மாற்றிவிட்டிருந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்தும் ஹரிகேன் விமானங்கள் எழும்பின. அப்படி ஒரு ஓடுபாதை நகரத்தின் நடுவே இருப்பது வந்தவர்களுக்குத் தெரியாது.

நோர்தர்ன் டான்ஸரின் மகன் சாட்லர்ஸ் வெல்ஸ் 14 வருடம் பிரித்தானிய, அயர்லாந்துப் பொலிகுதிரைகளில் முதலிடம் பெற்றது. அதன் மகன் கலிலியோ 12 வருடம். கலிலியோவின் மகன் ஃபிராங்கல் 14 ஓட்டம் ஓடி 14ஐயும் வென்றது. ஃபிராங்கலின் தாய்வழியிலும் நோர்தர்ன் டான்ஸர் இருக்கிறது. சொந்தத்துக்குள் கலியாணம் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான். அந்தக் கலியாணம் இப்போது அளவு கடந்துவிட்டது. 2020இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் குழு, பல நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் அதிகமான தரோபிரெட்களை ஆராய்ந்தபோது, 97 வீதமானவற்றின் வம்சாவளியில் நோர்தர்ன் டான்ஸர் இருந்தது. உட்கலப்பு கூடிக்கொண்டு போகிறது என்று அவர்கள் எச்சரித்தார்கள். ஒருவரும் வாங்காத குட்டி இன்று ஒதுங்க இடம் கொடாமல் நிறைந்துவிட்டது. ஒரு மிருகத்தின் புகழே அதன் இனத்துக்கு ஆபத்தாக வளர்வதை நான் கவலையோடுதான் பார்க்கிறேன்.

அந்த இரத்தம் நமக்கும் தூரமில்லை. நோர்தர்ன் டான்ஸரின் மகன் ரஸீன் இந்தியாவின் உஷா ஸ்டட் பண்ணையில் நின்று, பலமுறை அந்நாட்டின் முதன்மைப் பொலிகுதிரையாக விளங்கியது. ரஸீனின் தாய், செக்ரடேரியட்டின் மகள். டர்கொட் ஏறிய இரண்டு குதிரைகளும் அந்த ஒரு குதிரைக்குள் சந்தித்துவிட்டன. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து மலையேறி வந்தவை. அவற்றின் தாய் தகப்பன் பெயரைப் பின்னோக்கிப் படித்துப் போனால் ஒஷாவா எட்டிவிடும்.

குதிரையை வெளியிலிருந்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. பட்டினப்பாலை கடல்வழி வந்த குதிரைகளைச் சொல்கிறது. பாண்டிய நாட்டுக்கு வருடந்தோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இறங்குவதையும், பராமரிப்புத் தெரியாமல் அவை மடிவதையும் மார்கோ போலோ எழுதினார். வளர்த்துப் பெருக்கிய இடம் என்று சொல்ல எங்களிடம் நெடுந்தீவு ஒன்றுதான். ஒல்லாந்தர் காலத்து லாயத்தின் கற்தூண்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. குதிரைகள் பனங்கூடல்களுக்கிடையே தாமாகத் திரிகின்றன. அவற்றுக்குப் பதிவேடு இல்லை. எந்தக் குதிரைக்கு எது தாய் என்று அந்தக் குதிரைகளுக்கு மட்டும்தான் தெரியும். இங்கிலாந்தில் 1791இலேயே தரோபிரெட் வம்சப் பதிவேடு அச்சானது. டார்லி அரேபியன் என்ற ஒற்றை அரபுக் குதிரையிலிருந்து நோர்தர்ன் டான்ஸர்வரை தகப்பன் வழியில் ஒரு பெயர் விடாமல் சொல்ல முடிவது அந்தப் பழக்கத்தால்.

நோர்தர்ன் டான்ஸர் 1990 நவம்பர் 16ஆம் திகதி மேரிலண்டில் இறந்தது. வயது 29. உடலை ஒஷாவாவுக்குக் கொண்டுவந்து, பிறந்த லாயத்துக்கும் முதலில் பொலிகுதிரையாக நின்ற லாயத்துக்கும் நடுவே புதைத்தார்கள். வின்ட்ஃபீல்ட்ஸ் என்ற அந்தப் பண்ணை 2009இல் மூடப்பட்டது. நிலத்தில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்குப் போனது. மற்றதில் வீடுகள் எழும்பின.

1983க்குப் பிறகு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இறங்கிய எங்கள் சனம் கிழக்கே கிழக்கே வீடு வாங்கிக்கொண்டு போய் இப்போது ஒஷாவா வரை வந்துவிட்டது. ஐயாவின் மகளும் அங்கேதான் இருக்கிறார். போன வருடம் அவர் என்னைக் காரில் ஏற்றிப் பண்ணை இருந்த இடத்தைக் காட்டினார். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். தன் வீட்டுக்கு இவ்வளவு கிட்ட அந்தக் கல்லறை இருப்பதைத் தகப்பனுக்குச் சொல்லாமலே போய்விட்டதே என்று அவர் வருந்தினார். அவருக்கே அது பிந்தித்தான் தெரியும்.

திரும்பி வரும்போது அவர் ஒன்று சொன்னார். கொழும்பில் 1956க்கு முன் அச்சான றேஸ் புத்தகங்கள் எங்கள் வீட்டில் மட்டுமா இருந்திருக்கும், எத்தனை பேர் போனார்கள், எத்தனை வீட்டில் கிடந்திருக்கும் என்றார். ஆகவே இந்தச் சபையிடம் கேட்கிறேன். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உங்கள் பாட்டனாரின் அலுமாரியில், பழைய றங்குப் பெட்டியில், அப்படி ஒரு புத்தகம், ஒரு நுழைவுச் சீட்டு, குதிரைக்குப் பக்கத்தில் யாரோ நிற்கும் ஒரு படம் கிடந்தால் எடுத்து வாருங்கள். படியெடுத்துக்கொண்டு அதை உங்களிடமே திருப்பித் தருவோம். புதிய கொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் ஐயாவுக்கு ஞாபகமிருந்த பதினொரு குதிரைகளின் பெயரை அவருடைய மகள் தன் கையால் எழுதித் தந்திருக்கிறார். அவற்றில் ஏழுக்குத் தாயின் பெயர் இன்னும் வேண்டும்.