சிங்கப்பூர்க் கேளிக்கைப் பூங்காவும் நம்மவர் செலவும்

(நமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தரக் கூட்டத்திற் செய்த உபந்நியாசம்)



இன்று எம்மைப் பேசுமாறு பணித்த விஷயம் இம்மண்டபத்திற்குச் சற்றுப் புதியது. கல்வி நிதி, கலியாணச் செலவு, கோயிற் கைங்கரியம் என்பன பற்றியே இம்மேடையிற் பேச்சு நிகழ்வது வழக்கம். அயல்நாட்டுக் கேளிக்கைப் பூங்காவைப் பற்றிச் சங்கத்திற் பேசுவானேன் என்னும் வினா பெரியோர் சிலர் முகத்தில் எழுவதை யாம் இங்கிருந்தே காண்கின்றோம். காரணம் உண்டு. சென்ற சில கோடை விடுமுறைகளில் நம் குலத்தவரிற் பல குடும்பத்தார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் சென்று வந்தனர். சென்றவர் மகிழ்ந்தது உண்மை. திரும்பிய பின் அவருட் சிலர் அடகுக் கடை வாயிலில் நின்றதும் உண்மை. அவ்வாயிலில் முதலில் நின்றவர் யாமே ஆதலின், இதனைப் பேச எமக்குச் சிறிது உரிமை உண்டென்று கருதுகின்றோம்.

யாம் இருமுறை அவ்வூர் சென்றோம். முதன்முறை 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இரண்டாம் முறை 2025-ஆம் ஆண்டு மே மாதம். முதற் பயணத்தில் யாமும், எம் மனைவியாரும், எம் அன்னையாரும், ஏழு வயது மகனும், மடியிற் கைக்குழந்தையும் சென்றோம். பிரயாண ஏஜெண்டு ஒருவர் ஐந்து நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தொகை கூறினார். ரூ.2,90,000. கையில் இருந்தது 90,000. மிகுதிக்கு மனைவியாரின் நகையை அடகு வைத்தோம். அயல்வீட்டார் சென்று வந்து படம் காட்டினர் என்பதன்றி அவ்வளவு அவசரத்திற்கு வேறு முகாந்தரம் யாதும் இல்லை என்பதை இன்று நாணத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

நாம் பேசும் பூங்கா சிங்கப்பூருக்குத் தெற்கே செந்தோசா என்னும் தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டுடியோஸ். 2010-இல் திறக்கப்பெற்றது. சினிமாக் கதைகளில் வரும் காட்சிகளைக் கட்டடமாகவும் வண்டியாகவும் ஓடையாகவும் சமைத்து, அவற்றினூடே மக்களை ஏற்றிச் செல்லுவது இத்தகைய பூங்காவின் தொழில். இம்முறை அமெரிக்காவிற் கிளைத்தது. வால்ட் டிஸ்னி என்பார் 1955-இல் கலிபோர்னியாவில் அமைத்த டிஸ்னிலாந்து இதற்குப் பெரும் முன்மாதிரி. டோக்கியோவில் 1983-இலும், பாரிசுக்கு அருகில் 1992-இலும், ஹாங்காங்கில் 2005-இலும் டிஸ்னி பூங்காக்கள் எழுந்தன. அவற்றுக்குச் செல்ல வல்லவர் செல்லுக. நம்போன்ற நடுத்தரக் குடும்பத்தார்க்குச் சிங்கப்பூரே எளிது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நான்கு மணி நேர அளவில் நேரே பறந்து செல்லலாம். தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. வழி கேட்க நாவும், உண்ண இட்டிலியும் அங்கே உண்டு.

நிற்க. முதற் பயணத்தில் நேர்ந்ததைக் கூறுவோம். டிசம்பர் மாதம் அந்நாட்டுப் பள்ளிகளுக்கும் விடுமுறை, மழைக்காலமும் அதுவே. பூங்காவில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மணி நேரத்திற்கு மேல் வரிசை. பிற்பகலில் இடி மின்னல் தோன்றவே வெளிப்புற வண்டிகளை நிறுத்திவிட்டனர். மழை விட்டதும் மகன் ‘மம்மி’ என்னும் இருட்டு வண்டியில் ஏற ஓடினான். அவ்வாயிலில் ஓர் அளவுகோல் நின்றது. 122 சென்டிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும் என்பது விதி. எம் மகன் 119. வாயிற்காவலர் சிரித்த முகத்துடனேயே மறுத்தார். மூன்று சென்டிமீட்டருக்காகப் பிள்ளை அழுத அழுகை இன்றும் எம் செவியில் உள்ளது. ‘பாட்டில்ஸ்டார்’ என்னும் பெருவண்டிக்கோ 125 வேண்டும். அதனை அவன் அண்ணாந்து பார்த்ததோடு சரி. எம் அன்னையாரோ, கால் வீங்கி, காலை பத்து மணி முதல் மாலை வரை ஒரு பலகையிற் கைக்குழந்தையுடன் அமர்ந்திருந்தார். அவருக்கும் முழு டிக்கெட்டே வாங்கியிருந்தோம். பலகையில் அமர இவ்வளவு கட்டணம் வேறெங்கும் யாம் செலுத்தியதில்லை.

அதனினும் பெரிது பின்னர் நேர்ந்தது. 2019-ஆம் ஆண்டில் எம் மாமனார்க்கு இருதய சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஆபத்துக்கு உதவும் என்று அவர் மகளுக்கு அளித்த நகை பெட்டியில் இல்லை. எம் மனைவியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மைத்துனர் வேறிடத்திற் கடன் பெற்றுச் சமாளித்தார். இரண்டரை ஆண்டு வட்டி கட்டியே அந்நகையை மீட்டோம்.

ஆயினும் பிள்ளைகளை மீண்டும் அழைத்துச் செல்லுதல் வேண்டும் என்னும் எண்ணம் எமக்கு விட்டபாடில்லை. மகள் வளர்ந்து, அண்ணன் கூறும் கதைகளைக் கேட்டு ஏங்கினாள். இம்முறை கடனின்றிச் செல்லுவது, இல்லையேற் செல்லாதொழிவது என்று உறுதி செய்துகொண்டோம். 2023-ஆம் ஆண்டு முதல் மாதம் 9,000 ரூபாயாக 24 மாதம் தபால் நிலையத்திற் சேர்த்தோம். சேர்ந்த அசல் 2,16,000. ஐவர்க்கு ஆன மொத்தச் செலவு 2,15,400. எஞ்சிய அறுநூற்றுக்குத் திருச்சியில் இறங்கியதும் காப்பியும் பலகாரமும் ஆயின.

அச்செலவை உடைத்துக் காட்டினாலன்றி நம்பமாட்டீர்கள். விமானத்திற்கு ஆளுக்கு 20,000 வீதம் ஒரு லட்சம். நான்கு மாதம் முன்னதாகப் பதிவு செய்தோம். மலிவு விமானங்களிற் பெட்டிக்கும் சோற்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆதலின் ஐவர்க்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டிக்குப் பணம் கட்டி, ஏனைய துணிமணிகளைக் கைப்பையில் அடக்கினோம். விசாவுக்குச் சிங்கப்பூர் அரசின் கட்டணம் 30 வெள்ளி. டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே வழங்குவர். ஒரு வெள்ளிக்கு எழுபது ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டோம். ஏஜெண்டின் கூலியும் சேர்த்து விசாவுக்கு 13,500. நான்கு இரவுக்கு அறை வாடகை 50,400. உணவு 28,000. ஊருக்குள் ரயிலும் பஸ்ஸும் 7,000. பூங்கா டிக்கெட்டுக்கு 16,500.

ஐவர்க்குப் பூங்கா டிக்கெட்டு இவ்வளவுதானா என்று வினவுவீர்கள். வாங்கியவை மூன்றே. பெரியவர்க்கு ஒரு டிக்கெட்டு 80 வெள்ளிக்கு மேல். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. நான்கு முதல் பன்னிரண்டு வரை குறைந்த கட்டணம். புறப்படுவதற்கு முன்பே எம் அன்னையாரிடம், “அம்மா, தங்களுக்கு அவ்வூரில் யாது காண விருப்பம்?” என்று கேட்டோம். முதன்முறை அதனைக் கேட்கவேண்டும் என்றே எமக்குத் தோன்றவில்லை. “அந்தப் பூங்காவுக்கு நான் வரமாட்டேன், அப்பா. மாரியம்மன் கோயிலில் ஒரு நாள் நிதானமாக உட்கார வேண்டும். விமான நிலையத்துக்குள்ளே அருவி விழுகிறதாமே, அதைக் காட்டு, போதும்” என்றார். மனைவியாருக்கோ உயரத்திற் சுற்றும் வண்டி என்றாலே தலை சுற்றும். அவரும் மாமியாருடன் கோயிலுக்கே சென்றார். இரண்டு டிக்கெட்டுக்குரிய பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் மிஞ்சியது. மிஞ்சியதைவிட, அன்று மாலை அன்னையாரின் முகம் தெளிந்திருந்ததே எமக்குப் பெரிது.

அக்கோயில் சௌத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ளது. 1819-இல் ராபிள்ஸ் துரையுடன் வந்த நாராயண பிள்ளை என்னும் தமிழர் முயற்சியால் 1827-இல் ஏற்பட்டது. அந்நகரின் இந்துக் கோயில்களுள் மிகப் பழையது. விமான நிலைய அருவியோ 2019-இல் திறந்த ஜூவல் என்னும் கட்டடத்தினுள் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றது. பார்க்கக் காசு இல்லை. 1859-இல் அமைந்த தாவரத் தோட்டத்திற்கும், கடலோரத் தோட்டத்தில் இரவுதோறும் நிகழும் விளக்குக் காட்சிக்கும் அவ்வாறே கட்டணமில்லை. நம்மவர் இவற்றை விடுத்துக் கட்டணக் காட்சிகளையே நாடுவர். காசு கொடுத்தாலன்றிக் கண்டதாகாது என்பது நம்மிடம் ஊறிய ஒரு மயக்கம் போலும்.

நாள் பார்ப்பதில் நம்மவர் வல்லவர். ஆயினும் பிரயாணத்துக்குப் பஞ்சாங்கத்தோடு பள்ளிக் காலண்டரையும் பார்த்தல் வேண்டும். நம் நாட்டிற் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் பெரிய விடுமுறைகள் ஜூன் மாதத்திலும் ஆண்டின் இறுதியிலும் வருவன. ஆதலின் மே மாதத்தின் முற்பகுதியில் நம் பிள்ளைகள் ஓய்ந்திருக்க, அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பர். பூங்காவின் டிக்கெட்டு விலையும் நாளுக்கு ஏற்ப மாறும். மே முதல் நாளையும் விசாகத்தையும் சனி ஞாயிறையும் நீக்கி, செவ்வாயோ புதனோ செல்லுபவர்க்கு விலையும் குறைவு, வரிசையும் குறைவு. வரிசையின்றி ஏற்றும் துரிதச் சீட்டு ஒன்றைத் தனி விலைக்கு விற்பர். செவ்வாய்க்கிழமை சென்ற எமக்கு அது வேண்டியிருக்கவில்லை. சில வண்டிகளில் தனியாள் வரிசை என்று ஒன்று உண்டு. பதினான்கு வயது மகன் அதில் நின்று, யாம் ஒருமுறை ஏறுவதற்குள் இருமுறை ஏறி இறங்கினான்.

தங்குமிடத்தில் யாம் கண்ட ஓர் உண்மையையும் கூறுவோம். செந்தோசாத் தீவிலேயே தங்கினால் வசதி. வாடகையோ நம் தகுதிக்கு மேற்பட்டது. தேக்கா என்று நம்மவர் அழைக்கும் லிட்டில் இந்தியாப் பகுதியிற் சாதாரண அறை எடுத்தோம். அங்கிருந்து ஊதா நிற ரயிலில் ஏறினால், மாறாமலே ஹார்பர்பிரண்ட் நிலையத்தில் இறங்கலாம். இடையே சைனாடவுன் நிலையத்தில் இறங்கினால் மாரியம்மன் கோயில் அருகு. ஹார்பர்பிரண்டிலிருந்து தீவுக்குச் சிறு ரயில் உண்டு. கடற்பாலத்தின் மேல் நடைபாதையும் உண்டு; காலையில் யாம் நடந்தே சென்றோம். குழாய் நீரை அப்படியே பருகலாம் ஆதலின் ஆளுக்கொரு பாட்டில் எடுத்துச் சென்றால் நீருக்குச் செலவில்லை. தேக்காச் சந்தையின் உணவுக் கூடத்தில் தோசையும் சோறும் ஹோட்டல் விலையிற் பாதிக்கும் குறைவு. உண்டபின் தட்டை உரிய இடத்திற் கொண்டு வைத்தல் வேண்டும். 2021 முதல் அது அங்கே சட்டம்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கை. அந்நாட்டில் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவம் ஒன்றை இணையத்தில் நிரப்புதல் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லவே இல்லை. அரசின் தளம் போலவே தோற்றம் புனைந்து பணம் பறிக்கும் தளங்கள் உள. எம் உறவினர் ஒருவர் அவ்வாறு குடும்பத்திற்கே கட்டி ஏமாந்தார். மற்றொன்று, தாம்பூலப் பிரியர்களான நம் பெரியோர்க்கு. வாயில் அடக்கும் புகையிலை அந்நாட்டிற் புகவே கூடாது. சூயிங்கமும் 1992 முதல் தடை. மருந்துகளை வைத்தியர் சீட்டோடு கொண்டு செல்லுக.

ஏஜெண்டு மூலம் செல்லுவது எப்பொழுதும் தவறு என்று யாம் கூறோம். முதியவர் இருவராகச் செல்லும்போது கூட ஓர் ஆள் இருப்பது நலமே. ஆனால் அவர் கூறும் தொகையில் எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குக. அவர் பிடிக்கும் வரியை வருமான வரிக் கணக்கிற் காட்டித் திரும்பப் பெறலாம் என்பதையும் மறவற்க. நம்மவரிற் பலர் அந்த ரசீதைக் குப்பையில் எறிந்துள்ளனர்.

பிள்ளைகளின் கல்விக்கு வைத்த பணத்தை இவ்வாறு செலவிடலாமா என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் வினவினார். ஆகாது என்பதே எம் விடை. கல்விக்கு வைத்தது கல்விக்கே. நகையும் ஆபத்துக்கே. இப்பிரயாணத்துக்கென்று தனியே சேர்த்தது மாத்திரம் இதற்கு. இரண்டாண்டு சேர்க்க இயலாதவர் மூன்றாண்டு சேர்க்கட்டும். எம் மகள் அவ்விரண்டாண்டும் மாதந்தோறும் சுவரில் தன் உயரத்தைக் குறித்து, சேமிப்புப் புத்தகத்தையும் எடுத்துக் கூட்டிப் பார்ப்பாள். புறப்படும்போது அவள் 118. ‘மம்மி’யில் ஏற முடியாதென்று வீட்டிலேயே அறிந்திருந்தாள் ஆதலின் அவ்வாயிலிற் கண்ணீர் இல்லை. 102 வேண்டிய ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ வண்டியில் மும்முறை ஏறினாள். 2025-இல் திறந்த மினியன் பகுதியிலிருந்து அவளைக் கிளப்புவதே அன்று எமக்குப் பெரும்பாடாயிற்று.

விசா, வருகைப் படிவம் முதலியவற்றை நிரப்ப நம் சங்கத்து இளைஞர் மூவர் கூலியின்றி உதவ இசைந்துள்ளனர். ஒவ்வொரு மாதக் கூட்டமும் முடிந்த பின் அவர்களை வாசகசாலையிற் காணலாம். பாஸ்போர்ட்டின் ஆயுள் ஆறு மாதத்திற்கு மேல் உள்ளதா என்று பார்த்து எடுத்து வருக. வாயிற்றூணில் 92, 102, 107, 122, 125 என்று ஐந்து கோடுகள் வரைந்திருப்பதை வரும்போது கண்டிருப்பீர்கள். காரியதரிசியின் அனுமதி பெற்றே வரைந்தோம். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக அங்கே நிறுத்துவோம். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.