ஆபத்திலும் அறிவு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சினிமா பத்திப் பேசுங்க சார், அப்பதான் பசங்க எந்திரிச்சுப் போகமாட்டாங்க" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். சரி, சினிமாவே பேசுவோம். காட்டிலோ மலையிலோ மாட்டிக்கொண்ட மனிதன் எப்படிப் பிழைக்கிறான் என்று சொல்லும் படங்கள்தான் இன்றைய பேச்சு.

2024-இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தை இங்கே பார்க்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பீர்கள். சிதம்பரம் இயக்கிய படம். நம் மதுரைத் தியேட்டர்களில் தமிழ்ப் படத்துக்கு விழுகிற மாதிரி கைதட்டல் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? கதை நடப்பது நம்ம கொடைக்கானலில். 1991-இல் கமல்ஹாசன் நடித்த 'குணா' எடுத்த பிறகு குணா குகை என்றே பெயராகிப்போன இடத்தில். வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால் போய்விடலாம்.

நடந்தது 2006-இல். கொச்சிப் பக்கம் மஞ்ஞும்மல் ஊரிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் சுபாஷ் என்பவர் குகைப் பிளவுக்குள் விழுந்துவிட்டார். குட்டன் என்று நண்பர்கள் அழைக்கும் சிஜு டேவிட் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி அவரை உயிரோடு மீட்டார். அதற்காக மத்திய அரசின் பதக்கமும் பெற்றார்.

இதை நட்பின் கதை என்கிறோம். உண்மைதான். ஆனால் நட்பு மட்டும் போதுமா? படத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மழைத்தண்ணீர் குழிக்குள் பாய்கிறது. அழுது கத்திக்கொண்டிருந்த நண்பர்கள் என்ன செய்கிறார்கள்? தரையில் படுத்து, உடம்பையே அணையாக்கித் தண்ணீரை மறிக்கிறார்கள். பிறகு கயிற்றை எல்லோரும் ஒன்றாக இழுக்கிறார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் பழகிய கைகள் அவை. மாசி வீதியில் தேர்வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. எல்லார் பலமும் ஒரே நொடியில் சேரவேண்டும். அங்கே பாசம் இருந்தது. அந்தப் பாசத்துக்கு வேலை கொடுத்தது அறிவு.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வாழவேண்டும் என்ற ஆசை எல்லா உயிருக்கும் உண்டு. வலையில் மாட்டிய முயலுக்கும் உண்டு. அது துடிக்கத் துடிக்க வலை இறுகுகிறது. பயமும் உயிராசையின் பிள்ளைதான். அந்த ஆசையைப் பிடித்து உட்காரவைத்து, "இப்போ அடுத்தது என்ன?" என்று கேட்கத் தெரிந்தவன்தான் மனிதன்.

நம் ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த '127 அவர்ஸ்' 2010-இல் வந்தது. ஆரோன் ரால்ஸ்டன் என்ற மலையேறி 2003-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பள்ளத்தாக்கில், பாறைக்கும் சுவருக்கும் நடுவே வலது கை சிக்கி ஐந்து நாளுக்கு மேல் கிடந்தார். கையை அறுத்துக்கொண்டு வந்தார் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முன் அவர் செய்ததைப் பாருங்கள். இருந்த கொஞ்சத் தண்ணீரை அளந்து குடித்தார். கயிறு கட்டிப் பாறையைத் தூக்கிப் பார்த்தார். மழுங்கிய கத்தி எலும்பை வெட்டாது என்று தெரிந்தபோது, பாறைப் பிடியையே பயன்படுத்தி எலும்பை முறிக்கலாம் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் கத்தி.

1972-இல் ஆண்டீஸ் மலைப் பனியில் விழுந்த விமானத்தின் கதையை 2023-இல் 'சொசைட்டி ஆஃப் த ஸ்னோ' என்று எடுத்தார்கள். விமானத்தில் 45 பேர். 72 நாள் கழித்து மீண்டவர்கள் 16 பேர். சுற்றிலும் பனி, குடிக்கத் தண்ணீர் இல்லை. நாற்காலியிலிருந்த உலோகத் தகட்டைக் கழற்றி வெயிலில் வைத்துப் பனியை உருக்கினார்கள். விமானத்துக்குள் இருந்த உறைப்பொருளை வைத்துப் படுக்கைப் பை தைத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் மலை தாண்டி நடந்து உதவியைக் கொண்டுவந்தார்கள். அடுப்படியில் நம் அம்மாக்கள் இருப்பதை வைத்துச் சமாளிக்கிறார்களே, அந்த புத்திதான் இது.

சில நேரம் அறிவு "சும்மா இரு" என்றும் சொல்லும். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே மலைச்சரிவில் ஓர் இளைஞர் மாட்டிக்கொண்டார். சோறு தண்ணீர் இல்லாமல் சுமார் 45 மணி நேரம் ஒரு சின்னப் பிளவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ராணுவம் வந்து மீட்டது. பதறி ஓரடி எடுத்து வைத்திருந்தால் கதை வேறு.

இனி, கைதட்ட முடியாத ஒன்றையும் சொல்லவேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போயிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். காயம்பட்டவர்களை நம் மதுரை அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு வாழ ஆசை குறைவா? ஒருபோதும் இல்லை. காய்ந்த புல்லில், காற்றடிக்கும்போது, சரிவில் மேல்நோக்கி ஏறும் தீயை மனிதக் கால் முந்த முடியாது. அங்கே போய் யோசிக்க நேரமே கிடைப்பதில்லை. ஆகவே அறிவின் முதல் வேலை வீட்டுவாசலிலேயே ஆரம்பிக்கிறது. எந்த மாதம் போகிறோம்? வனத்துறை அனுமதி இருக்கிறதா? எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? ரால்ஸ்டன் போகுமிடத்தை யாரிடமும் சொல்லாமல் போனவர். அதனால்தான் அவரைத் தேடி உடனே ஆள் வரவில்லை.

தம்பிகளே, "நாங்க என்ன ஆண்டீஸுக்கா போறோம்?" என்று கேட்பீர்கள். நம் சமவெளியிலும் காடு உண்டு. மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரிகளில் தண்ணீர் பச்சையாக, அமைதியாக நிற்கும். ஓரம் படிப்படியாக இறங்காது. காலடியிலேயே செங்குத்தாக ஆழம் போகும். ஒருத்தன் மூழ்கினால் நீச்சல் தெரியாத நண்பன் பாசத்தில் குதிக்கிறான். வீட்டுக்கு இரண்டு செய்தி போகிறது. குதிக்காதே. சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. கயிறோ, துண்டோ, வேட்டியோ, நீளக் கம்போ எது இருக்கிறதோ அதைக் கரையில் படுத்துக்கொண்டு நீட்டு. மூடிய காலி பிளாஸ்டிக் கேன் இருந்தால் தூக்கிப் போடு, அது மிதக்கும். குட்டன்கூடக் கயிறு கட்டாமல் இறங்கவில்லை!

வரும் விடுமுறையில் உங்களில் பலர் கொடைக்கானல் போவீர்கள். குணா குகையைத் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். படம் எடுத்தவர்களே குகையின் உட்புறத்தைச் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். நீங்கள் நிஜக் குழிக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கும் எல்லோரும் முழுசாக வந்து சேருங்கள். அதுதான் இந்த அண்ணனின் வேண்டுகோள்.