தொடுமுன் ஒரு சொல்



கல்லணையைக் கண்டிருப்பீர்கள். அங்குள்ள மதகுகள் நீரை அளந்து காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. அளவு மீறினால், பயிரை வளர்க்கும் நீரே பயிரை அழித்துவிடும். நம் புலன்களின் நிலையும் இதுவே. ஒளியும் ஒலியும் தொடுகையும் ஓயாது வந்து மோத, மூளை வேண்டுவனவற்றை ஏற்று, ஏனையவற்றைத் தணித்துவிடுகிறது. சில குழந்தைகளுக்கு இம்மதகு நன்கு இறங்குவதில்லை. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலரிடம் இதனைக் காணலாம், பிறரிடமும் காணலாம்.

2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கு வந்து மாணவர்களைச் சோதிப்பது வழக்கம். காவிரிக் கரைச் சிற்றூரொன்றில் நான் ஆசிரியனாக இருந்த பள்ளிக்கும் வந்தனர். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், ஸ்டெதாஸ்கோப்பின் குளிர்ச்சி மார்பில் பட்டதும் அலறினான். முரண்டு பிடிக்கிறான் என்றெண்ணி, நானே அவன் கைகளை இறுகப் பற்றினேன். சோதனை முடிந்தது, அவன் என்மீது வைத்திருந்த நம்பிக்கையும் அன்றே முடிந்தது. மறு ஆண்டு சோதனை நாளில் அவன் பள்ளிக்கே வரவில்லை. சில திங்கள் கழித்து அவன் கன்னம் வீங்கியது. கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தது. வலிக்கிறது என்று சொல்லவும் அவனால் இயலவில்லை.

“ஐயா, சொல்லிவிட்டுத் தொட்டால் பொறுத்துக்கொள்வான்” என்றார் அவன் தாயார். நான் கற்ற பாடம் அது.

அடுத்த சோதனைக்கு ஒரு வாரம் முன்னரே, ஊர்ச் செவிலியரிடம் அக்கருவியை இரவல் வாங்கினேன். முதலில் அவன் என் மார்பில் வைத்துக் கேட்டான். பின்னர்த் தன் மார்பில் தானே வைத்துக்கொண்டான். சோதனை நாளில், கூட்டம் சேருமுன் அமைதியான தாழ்வாரத்தில் அவனுக்கு முதல் முறை அளித்தோம். மருத்துவர் கருவியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, “ஐந்து எண்ணும் வரைதான்” என்றார். மூன்று எண்ணியதும் அவன் கையை உயர்த்தினான். மருத்துவர் உடனே நிறுத்தினார். சொன்னபடி நிறுத்தியதால்தான் அவன் மீண்டும் இசைந்தான். மூன்றாம் முறை, வாயையும் திறந்து காட்டினான்.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம். இன்றோ அனைவரும் வகுப்புத் தோழர்கள். வரிசையில் ஒருவன் அலறினால் நகைக்காதீர்கள். அவன் படும் துன்பம் மெய்யானது. அருகே நின்று, அடுத்து என்ன நடக்கும் என்பதை மெல்லச் சொல்லுங்கள்.