கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்



எம்பி3 பிளேயரில் பாடலைப் போட்டு, சேர்ந்து பாடச் சொல்வேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி வாயை மட்டும் அசைப்பாள். ஒருநாள் காரணம் கேட்டேன். "எங்களுக்குக் கேக்கவே இல்ல டீச்சர்" என்றாள்.

வீட்டில் தூசி படிந்து கிடந்த பழைய ஸ்டீரியோவை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். ஒரு முனையில் 3.5 மி.மீ. பின், மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பின் உள்ள கேபிள் போதும். சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். நான் முதலில் 'ஃபோனோ' துளையில் செருகிவிட்டேன், ஒரே கரகரப்பு. அது இசைத்தட்டுக் கருவியின் மெல்லிய சிக்னலுக்கானது. 'ஆக்ஸ்' அல்லது 'லைன் இன்' துளைதான் சரி. ஸ்டீரியோவின் ஒலியளவைக் குறைத்துவிட்டு இணையுங்கள். பிறகு மெல்லக் கூட்டுங்கள்.

அன்று அவள் குரலை முதன்முதலாகக் கேட்டேன். இப்போதெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்த பிறகே பாடத்தைத் தொடங்குகிறேன்.